அச்சுக்குப் பிந்தைய கடமை

திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் 2024 மே 9 அன்று, முப்பரிமாண அச்சில் உருவான ஏவூர்தி இயந்திரத்தை இஸ்ரோ 665 வினாடிகள் எரித்துச் சோதித்து வெற்றி கண்டது. பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்டத்துக்குரிய அவ்வியந்திரத்தில் 14 உறுப்புகள் ஒன்றாயின. 19 பற்றவைப்பு இணைப்புகள் நீங்கின. 565 கிலோ உலோகம் வேண்டியிருந்த இடத்தில் 13.7 கிலோ பொடி போதுமாயிற்று. பெருமிதம் கொள்ளத்தக்க சாதனை இது. ஆயினும், அச்சுப்பொறியை வாங்கிவிட்டாலே இத்திறன் கைகூடும் என்னும் எண்ணம் பரவுவது நன்றன்று.

அச்சுப்பொறியில் லேசர் கதிர் பட்ட உலோகப் பொடி உருகி, இமைப்பொழுதுக்குள் உறைகிறது. மேலடுக்கு ஆறிச் சுருங்க முனைகிறது. கீழே உறைந்து நிற்கும் உலோகம் இடங்கொடுப்பதில்லை. இந்த இழுபறி உறுப்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அடித்தட்டிலிருந்து அறுத்தெடுத்ததும் உறுப்பு வளைவதும், சிலபோது விரிசல் விடுவதும் இதனால்தான். எனவே தட்டோடு சேர்த்தே உலையிலிட்டு, உள்விசை தணிந்த பின்னரே அறுத்தல் வேண்டும். டைட்டானியமாயின் காற்றுப் படாத உலை இன்றியமையாதது.

அடுத்தது கடைசல். அரைகுறையாய் உருகிய பொடிமணிகள் ஒட்டிய சொரசொரப்பான புறப்பரப்பில்தான், ஓயாத அதிர்வின்போது விரிசல் எளிதில் தொடங்கும். அதைச் சீவி நீக்க வேண்டும். ஆனால் டைட்டானியம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. உளி மழுங்கி, குளிர்நீரும் குறைந்தால், சூடு வெட்டுமுனையிலேயே தேங்கிப் புறப்பரப்பில் புதிய இழுவிசையை விதைத்துவிடும்.

இதை மதுரை கோரிப்பாளையத்திலிருந்து வலியுறுத்தக் காரணம் உண்டு. எலும்பு முறிந்து வரும் தென்மாவட்ட ஏழைகள் நாடும் அரசு இராசாசி மருத்துவமனை இங்குள்ளது. நோயாளியின் உடலமைப்புக்கேற்ப அச்சிட்ட டைட்டானிய உறுப்புகள் உலக மருத்துவத்தில் இடம்பெற்றுவிட்டன. அவை உடலுக்குள் முறிந்தால், மறுபடியும் கத்தியை எதிர்கொள்பவர் நோயாளியே. அழகர்கோவில் சாலையில் சற்று வடக்கே கோ.புதூர் தொழிற்பேட்டையும் அரசு தொழிற்பயிற்சி நிலையமும் உள்ளன. வெட்டொலி மாறுவதைக் கேட்டே உளியின் மழுக்கத்தை உணரும் கடைசல் தொழிலாளர் நம்மிடையே உள்ளனர். தேவையும் திறனும் அருகருகே அமைந்துள்ளன.

வெற்றிட உலையும், உலோகத்தின் உள்விசையை அளக்கும் கருவியும் சிறு பட்டறைகள் தனித்துச் சுமக்கத்தக்க செலவல்ல. பலரும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் பொது வசதியாக அரசே அவற்றை மதுரையில் நிறுவ வேண்டும். தொழிற்பயிற்சிப் பாடத்தில் உலோகம் ஆறும் முறையும் அதன் விளைவும் இடம்பெற வேண்டும். அச்சுப்பொறிக்கு நிதி ஒதுக்கும் ஒவ்வொரு திட்டமும் உலைக்கும் கடைசலுக்கும் பயிற்சிக்கும் உரிய பங்கை முதற்பக்கத்திலேயே உறுதி செய்தல் வேண்டும். அப்பங்கு இல்லாத திட்டத்துக்கு ஒப்புதல் அளிப்பது பொதுப்பணத்துக்கும் மனித உயிருக்கும் இழைக்கும் தீங்காகும்.