உண்டியல் கடையும் பிளொக்செயின் பாலமும்

போன மாசம் எங்கட கூட்டத்தில ஒருத்தனுக்கு 180 டொலர் வர இருந்தது. வெளிநாட்டு ஆள் ஒருவருக்கு லோகோ வரைந்து கொடுத்த கூலி. வந்தது டெதர் என்ற டிஜிட்டல் டொலரில், பொலிகன் சங்கிலியில். இங்கே அதை மாற்றித் தருகிற ஆள் எடுப்பதோ ட்ரோன் சங்கிலியில் வருகிற டெதரை மட்டும்தான். பெயரும் ஒன்று, மதிப்பும் ஒன்று. ஆனால் இரண்டும் வேறு வேறு கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்ட சல்லி. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக நடுவில் ஒரு 'பாலம்' வேண்டும்.

பாலத்தில் போட்டான். 'நிலுவையில்' என்று காட்டிக்கொண்டே கிடந்தது. ஒரு நாள், இரண்டு நாள். உதவிக் குழுவில் போய் எழுதினான். ஐந்து நிமிசத்தில் 'அட்மின்' என்று ஒருவர் தனியாக மெசேஜ் போட்டு, அவனுடைய 12 இரகசியச் சொற்களையும் கேட்டார். கொடுக்கவும் போனான். பக்கத்துக் கட்டிலில் கிடந்தவன் எட்டி ஃபோனைப் பறித்ததால் தப்பினான். மூன்றாம் நாள் சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் சல்லி வந்து கிடக்கு. ஏன் நின்றது, பிறகு எப்படி வந்தது, யாருக்கும் தெரியாது. கேட்பதற்கு ஆளே இல்லை என்பதுதான் எங்களுக்கு உறைத்தது.

'ஆர்ட்ஸ் படிக்கிற உங்களுக்கு இது எதுக்கு மச்சான்?' என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். இந்த விசயத்தைப் புரிந்துகொள்ள கம்பியூட்டர் பாடத்தைவிட கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கத்து வீடுகளில் வளர்ந்த அனுபவமே கூட உதவும். உண்டியல் என்ன என்று தெரியாத வீடு எங்கட கரையோரத்தில் இருக்கா?

உண்டியல் எப்படி வேலை செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தோஹாவில் இருக்கிற காக்கா அங்குள்ள ஆளிடம் ரியால் கொடுக்கிறார். அந்த ஆள் இங்குள்ள கடைக்காரருக்கு ஒரு செய்தி அனுப்புகிறார்: இன்னாருக்கு இவ்வளவு கொடு. உம்மாவின் கையில் ரூபா வருகிறது. கடலைத் தாண்டி ஒரு சதமும் வரவில்லை. ரியால் அங்கேயே நிற்கிறது, ரூபா இங்கேயே இருந்தது. தாண்டியது செய்தி மட்டும். அந்தச் செய்தி உண்மையா என்பதற்கு ஒரு அடையாள இலக்கம். பல நாடுகளில் ஒரு நோட்டின் தொடர் இலக்கத்தையே அப்படிப் பாவித்திருக்கிறார்கள்.

பிளொக்செயின் பாலமும் இதேதான். ஒரு சங்கிலிக்கு அடுத்த சங்கிலியில் என்ன நடக்கிறது என்று பார்க்கக் கண் கிடையாது. எதேரியத்துக்கு எதேரியத்தின் புத்தகம் மட்டும் தெரியும், சொலானாவுக்கு சொலானாவின் புத்தகம். அதனால் பெரும்பாலான பாலங்களில் சல்லியை இந்தப் பக்கம் ஒரு பெட்டியில் பூட்டுவார்கள். 'இவ்வளவு பூட்டியாச்சு' என்ற செய்தி அந்தப் பக்கம் போகும். அங்கே அதே அளவுக்குப் புதிய டோக்கன் அச்சடிக்கப்படும். அந்தச் செய்தியை எப்படி எழுதுவது, எப்படிக் கொண்டுபோவது, யார் சாட்சிக் கையெழுத்து வைப்பது என்ற ஒழுங்குக்குத்தான் செய்தி நெறிமுறை என்று பெயர். வோர்ம்ஹோல், லேயர்ஸீரோ, செயின்லிங்க் எல்லாரும் செய்வது இந்த வேலையைத்தான்.

ஆக முழு விசயமும் ஒரு கேள்வியில் நிற்கிறது. சாட்சி யார்?

'யாரையும் நம்பத் தேவையில்ல, கோட் பொய் செல்லாது' என்று எங்கட வயதுப் பிள்ளைகளே வட்ஸ்அப் குழுக்களில் எழுதுகிறார்கள். கோட் பொய் சொல்லாது, சரி. ஆனால் கையெழுத்து சரியா என்று மட்டும்தான் அதால் பார்க்க முடியும். கையெழுத்து வைத்தவன் களவாணியா என்று பார்க்க முடியாது.

2022இல் நடந்ததைப் பாருங்கள். ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற விளையாட்டுக்காகக் கட்டிய ரோனின் பாலத்துக்கு 9 சாட்சிகள். 5 பேர் கையெழுத்திட்டால் பெட்டி திறக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த 9இல் 4 சாவிகள் ஒரே கம்பனியின் கையில். வேலைப்பளு கூடியதால் 2021 நவம்பரில் ஐந்தாவது ஒருவர் தன் சார்பாகவும் கையெழுத்திட அதே கம்பனிக்கு அனுமதி கொடுத்தார். டிசம்பரில் தேவை முடிந்தது. அனுமதியை ரத்துச் செய்ய எல்லாரும் மறந்துபோனார்கள். கம்பனிக்குள் புகுந்த களவாளிகளுக்கு 5 கையெழுத்தும் ஒரே இடத்தில் கிடைத்தது. மார்ச் 23இல் 173,600 ஈதரும் 25.5 மில்லியன் யூஎஸ்டிசியும் போனது. கிட்டத்தட்ட 600 மில்லியன் டொலருக்கு மேல். அதைவிட வெட்கம், ஆறு நாட்களாக யாருக்கும் தெரியாது. ஒருவர் தன் சல்லியை எடுக்கப் போய், வரவில்லை என்று முறையிட்ட பிறகுதான் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். வடகொரியாவின் லாசரஸ் குழுவின் வேலை என்று பிறகு எஃப்பிஐ சொன்னது.

எங்கட ஊரில் ஒரு கடைக்காரர் பெட்டியை ஆறு நாள் எண்ணாமல் விடுவாரா?

அதே வருடம் ஆகஸ்டில் நோமாட் பாலம். ஒரு புதுப்பித்தலில் விட்ட பிழையால், நிரூபிக்கப்படாத செய்தியையும் உண்மை என்று ஏற்கத் தொடங்கியது. முதல் ஆள் எடுத்ததைப் பார்த்து, அந்தப் பரிவர்த்தனையைக் கொப்பி பண்ணி, முகவரியை மட்டும் மாற்றிப் போட்டு நூற்றுக்கணக்கான முகவரிகள் அள்ளின. ஏறக்குறைய 190 மில்லியன். 2023இல் மல்டிசெயின் கதை இன்னும் மோசம். சாவிகள் பலரிடம் பிரிந்து இருப்பதாகச் சொன்னார்கள். தலைவரைச் சீனாவில் பொலிஸ் பிடித்த பிறகுதான், எல்லாமே அவர் ஒருவரின் கணக்கில் இருந்தது வெளியே வந்தது.

நாங்கள் உண்டியலுக்கு வக்காலத்து வாங்கவில்லை. அது உரிமம் இல்லாத தொழில். அங்கும் சல்லியோடு மறைந்தவர்கள் உண்டு. அதன் விலையையும் நாங்களே கட்டினோம். டொலரை 200 ரூபா மட்டில் பிடித்து வைத்திருந்த காலத்தில் வெளியே கூடக் கிடைத்ததால் சனம் உண்டியலுக்குப் போனது. 2020இல் 7.1 பில்லியன் டொலராக வந்த வெளிநாட்டு உழைப்பு 2022இல் 3.8 பில்லியனுக்கு இறங்கியது. அந்த வருடம் பெற்றோல் வரிசையில் நின்ற எங்கட வாப்பாமாருக்கு அந்தக் கணக்கு நல்லா விளங்கும். பிழை சனத்தில் மட்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. பொய் விலையைப் பிடித்து வைத்தவர்களுக்கும் பங்கு உண்டு.

ஆனாலும் உண்டியலில் ஒரு முகம் இருக்கு. காசு வராவிட்டால் ராத்தா போய் அந்தக் கடை வாசலில் குந்திக்கொள்வார். பள்ளி நிர்வாகம் வரைக்கும் விசயம் போகும். பேங்கில் முகத்துக்குப் பதிலாகச் சட்டம் இருக்கு. ஒரு பேங்கிலிருந்து இன்னொரு பேங்குக்கு அனுப்பும்போது நடுவில் லங்காபே, அதுக்கு மேல மத்திய வங்கி. பாலத்தில் இரண்டுமே இல்லை. கிரிப்டோவில் போடும் சல்லிக்கு ஒழுங்குமுறைப் பாதுகாப்பு எதுவும் இல்லை என்று மத்திய வங்கி பல தடவை எச்சரித்தும் இருக்கு.

தொழில்நுட்பம் இதைச் சரிசெய்ய முயலவே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். 2021இல் கொஸ்மொஸ் சங்கிலிகளுக்கிடையே வந்த ஐபிசி முறையில் நடுவில் தனிச் சாட்சிக் கூட்டம் கிடையாது. ஒரு சங்கிலி மற்றச் சங்கிலியின் தலைப்புப் பதிவுகளைத் தானே பின்தொடர்ந்து செய்தியைச் சரிபார்க்கும். நல்ல வழி, ஆனால் எல்லாச் சங்கிலிக்கும் இலேசில் பொருந்தாது, செலவும் கூட. லேயர்ஸீரோவில் சாட்சிகள் யார், எத்தனை பேர் என்பதைச் செயலியைக் கட்டுகிறவரே தெரிவு செய்யலாம். அப்படியென்றால் ஒருவரை மட்டும் வைத்தும் ஓட்டலாம். பாவிக்கிற எங்களுக்கு அது திரையில் தெரியவே தெரியாது. பச்சை நிறத்தில் ஒரு பட்டன், அவ்வளவுதான்.

எங்கட கோபம் அந்தப் பட்டனில்தான். நிக்காஹ்வுக்குச் சாட்சி யார் என்று ஊருக்கே தெரியும். கடன் கொடுத்தால் எழுதி வை, சாட்சி வை என்று சின்ன வயதிலேயே ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படி வளர்ந்த பிள்ளைகள் 180 டொலரை அனுப்பும்போது இது எத்தனை பேர் கையெழுத்தில் நகருது, அதில் எத்தனை பேர் ஒரே கம்பனியின் ஆட்கள், பெட்டியை யார் எண்ணுகிறார் என்று கேட்க வேண்டாமா? ஒரு பாலத்தின் ஆவணத்தில் இதுக்குப் பதில் கிடைக்கவில்லை என்றால் அதில் சல்லி போடாதீர்கள். இங்கிலிஷ் கஷ்டம் என்றால் சேர்ந்து வாசிப்போம், எங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அடுத்த லோகோவுக்கு எங்கட ஆள் கூலியை நேரே பேங்குக்கு அனுப்பச் சொன்னான். கட்டணம் கூட. இரண்டு நாளாகியும் வரவில்லை. கிளைக்குப் போய்க் கேட்டான். கவுண்டரில் இருந்த ராத்தா திரையைப் பார்த்துவிட்டு, 'கொழும்பில நிக்கிது தம்பி, நாளைக்கு வரும்' என்றார். வந்தது.