மூட்டம் போட்ட முதுமை

வாழைத்தாருக்கு மூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மாட்டுக்கொம்புக்கும் மூட்டம் போடுகிறார்கள். தார் பழுப்பதற்கு அது. கொம்புக்கு ஒரே நாளில் இருநூற்றைம்பது வயது ஏறுவதற்கு இது.

அமெரிக்காவின் வெடிமருந்துக் கொம்புகளைச் சொல்கிறேன். 1750களில் பிரிட்டனும் பிரான்சும் அங்கே மோதியபோதும், 1775இல் விடுதலைப் போர் மூண்டபோதும், துப்பாக்கி தூக்கிய பலரின் தோளில் ஒரு மாட்டுக்கொம்பும் தொங்கியது. உள்ளே கருமருந்து. கொம்பில் நீர் இறங்காது, தீப்பொறி எழாது, கனமும் கிடையாது. மெல்லிசாகச் சுரண்டிவிட்டால், வெளிச்சத்தில் பிடித்து மருந்து எவ்வளவு மிச்சம் என்றுகூடப் பார்க்கலாம். கோட்டைகளில் பொழுது போகாத சிப்பாய்கள் அதன்மேல் தங்கள் பெயர், தேதி, ஹட்சன் ஆற்றின் வரைபடம் என்று கீறி வைத்தார்கள். இன்று சேகரிப்பாளர்களிடம் வெறுங்கொம்புக்கு ஒரு விலை, கீறிய கொம்புக்கு அதைவிடப் பல மடங்கு விலை. வம்பு தொடங்குவது இங்கேதான்: புதுக் கொம்பில் கீறி, புகை போட்டுப் பழசாக்கி விற்கிறார்கள்.

புகை போடுவதிலும் பக்குவம் உண்டு. தீ கொழுந்துவிட்டால் கரிதான் படியும். துணியால் துடைத்தால் போய்விடும். மரத்தூளைக் கனல விட்டு, புகையை மட்டும் குழாய் வழியாக, தள்ளியிருக்கும் கொம்பு வைத்த பெட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தப் புகையில் இருக்கும் ஆல்டிஹைடுகள் புரதத்தோடு சேர்ந்துதான் பழுப்பு நிறம் உண்டாகிறது. எலும்புக்கும் மான்கொம்புக்கும் இப்படியே புகை போடுகிறார்கள். சூடு கூடினால் கொம்பு இளகிக் கோணிக்கொள்ளும், எலும்பு வெடித்துவிடும். எலும்பில் கொழுப்பு மிச்சமிருந்தால் திட்டுத்திட்டாகத்தான் நிறம் ஏறும். மாட்டுக்கொம்பு நம் நகத்தைப் போலக் கெரட்டின்; இறுக்கமானது, மெதுவாகத்தான் வாங்கும். மான்கொம்போ ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும் எலும்பு. நுண்துளைகள் இருப்பதால் சட்டென்று குடித்துவிடும். கடைசியில் மேடுகளைத் துடைத்து, பள்ளத்தில் அழுக்கை விட்டுவைத்தால் தாத்தா காலத்துப் பொருள் தயார்.

ஆனால் புகைக்கு ஒன்று தெரியாது: கை எங்கே பட்டது, எங்கே படவில்லை என்பது. உண்மையிலேயே தோளில் கிடந்த கொம்பு, உடம்போடு உரசிய பக்கம் வழுவழுத்து, அங்கே எழுத்தும் மங்கியிருக்கும். வார் கட்டிய இடம் தேய்ந்திருக்கும். புகை போட்டதில் நிறம் சுற்றிலும் ஒரே சீராக இருக்கும். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான மோசடி, உண்மையான பழைய வெறுங்கொம்பை வாங்கி அதில் புதிதாகக் கீறுவது. பழுப்பேறிய மேல்தோலை அறுத்துக்கொண்டு வெளுப்பாகத் தெரியும் கோட்டை மறைக்கத்தான் அங்கே புகையும் சாயமும். உருப்பெருக்கியில் பார்த்தால் கோட்டின் விளிம்பு கூர்மையாக நிற்கும்.

பழசாக்கும் மோசடி கொம்போடு நிற்கவில்லை. 1912இல் இங்கிலாந்தின் பில்ட்டவுனில் ‘ஆதிமனிதன்’ கிடைத்தான் என்று ஆரவாரம் செய்தார்களே, அது மனித மண்டையோடும் உராங்குட்டான் தாடையும் சேர்ந்த கூட்டு. அங்கே புகையல்ல, ரசாயனச் சாயம். 1953இல் குட்டு உடைந்தபோது, பற்களை அரத்தால் ராவிய தடங்களும் காட்டிக்கொடுத்தன. நிறத்தைப் போலி செய்தவருக்குத் தேய்மானம் கைவரவில்லை.

இதனால் புகை போடுவதே பாவம் என்று சொல்ல மாட்டேன். புத்தம்புதுக் கொம்பின் வெளிறிய பளபளப்பைவிட அந்தத் தேன்நிறம் எனக்கும் பிடிக்கும். செய்தவர் தன் பெயரையும் செய்த ஆண்டையும் கொம்பிலேயே பொறித்துவிட்டால் அது கைவினை. பொறிக்காமல் விற்றால் ஏமாற்று.

நம்மூரில் இதைச் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மாட்டுக்கொம்போடும் எருமைக்கொம்போடும் நிறுத்திக்கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டில் தானாக விழுந்து கிடந்த மான்கொம்பை எடுத்து விற்பதும் குற்றம்.