பழைய கப்பலா, புதிய கப்பலா? எர்ணாவூரிலிருந்து ஒரு தீர்ப்பு



நம் பேரவை விழாவில் வருஷா வருஷம் பட்டிமன்றம் நடக்கிறது. கிராமமா நகரமா, அன்பா அறிவா என்று தலைப்புகள் வந்து போகின்றன. ஆனால் சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்கள் உள்ள இந்த வடசென்னையில் உட்கார்ந்து படிக்கிற நாம், கப்பலைப் பற்றி ஒரு பட்டிமன்றம் வைத்ததே இல்லை. அந்தக் குறையை மலரின் இந்தப் பக்கங்களில் நானே தீர்த்துக் கொள்கிறேன். தலைப்பு இதுதான்: பயணிகள் கப்பலில் பழசைப் புதுப்பித்து ஓட்டுவது நல்லதா, புதிதாகக் கட்டி ஓட்டுவது நல்லதா?

"இதுல நமக்கு இன்னாடா இருக்கு? சொகுசுக் கப்பல்ல டிக்கெட் எடுக்க நம்மகிட்ட ஏது காசு?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். நாம் அந்தக் கப்பலில் சூட்கேஸோடு ஏறப் போவதில்லை. ஆனால் ஸ்பானரோடு ஏறுவோம். வெல்டராக, ஃபிட்டராக, எலக்ட்ரீஷியனாக ஏறுவோம். அது மட்டுமில்லை, கப்பலில் தவறு நடந்தால் அது முதலில் வந்து ஒதுங்குகிற கரை நம்முடையது. ஆகவே பேச நமக்கு உரிமை உண்டு.

முதலில் கண்முன் இருக்கிற உதாரணம். 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் 'எம்பிரஸ்' என்ற கார்டீலியா நிறுவனத்தின் சொகுசுக் கப்பலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார். படத்தைப் பார்த்த எங்கள் தெருவில் பலரும் "புத்தம் புதுக் கப்பல்" என்றே பேசிக் கொண்டார்கள். உண்மையில் அது 1990ல் பிரான்சில் சான் நசேர் என்ற ஊரில் கட்டப்பட்டது. 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காக ஓடி, இடையில் ஸ்பெயின் நாட்டு நிறுவனத்திடம் போய், மறுபடி பழைய முதலாளியிடமே திரும்பி, அதன் பிறகு இந்தியாவுக்கு வந்தது. நம்மில் பலர் பிறப்பதற்கு முன்பே பிறந்த கப்பல்! அதன் கொள்ளளவு ஏறத்தாழ 48,500 டன். 2024ல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' ஏறத்தாழ 2,48,000 டன். பக்கத்தில் நிறுத்தினால் ஐந்தில் ஒரு பங்கு. ஆக, இன்றைய உலகக் கணக்கில் எம்பிரஸ் சின்னக் கப்பல், பழைய கப்பல், புதுப்பிக்கப்பட்ட கப்பல்.

இது ஒன்று மட்டுமல்ல. 2018ல் மும்பைக்கும் கோவாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய 'ஆங்க்ரியா' ஜப்பானில் ஓடி ஓய்ந்த கப்பல். 2011ல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடிய 'ஸ்கோஷியா பிரின்ஸ்' 1972ல் கட்டப்பட்டது. நம் நாட்டில் கடல் சுற்றுலா என்றாலே செகண்ட் ஹேண்ட்தான் என்று ஆகிவிட்டது. இது தப்பா?

பழைய கப்பலின் கட்சியை முதலில் பேச விடுகிறேன். ஒரு புதுக் கப்பலுக்கு ஆர்டர் கொடுத்தால் கையில் கிடைக்கப் பல வருஷம் ஆகும். அதற்குள் வட்டி ஏறி நிற்கும். அந்த வட்டி டிக்கெட்டில்தான் வந்து விடியும். பழசை வாங்கிப் புதுப்பித்தால் சில மாதங்களில் ஓட்டலாம். சின்னதாக இருப்பதால் ஆழம் குறைந்த துறைமுகத்துக்கும் போகலாம். அப்புறம் இன்னொரு விஷயம்: கப்பலில் 'வயது' என்பது ஒரே எண் அல்ல. லாரியில் சேஸிஸ் ஒரு வயது, பாடி ஒரு வயது, எஞ்சின் ஒரு வயது என்று நம்ம பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்குத் தெரியாதா என்ன? 'ஸ்டாக்ஹோம்' என்ற ஸ்வீடன் கப்பல் 1948ல் ஓடத் தொடங்கியது. 1956ல் 'ஆண்ட்ரியா டோரியா' என்ற இத்தாலியக் கப்பலோடு மோதியது. மோதப்பட்டது மூழ்கியது, மோதியது பிழைத்தது. 1990களில் அதை வெறும் எலும்புக்கூடு வரை பிரித்து, புது எஞ்சின் வைத்து, புது மேல்கட்டு கட்டினார்கள். பல பெயர் மாறி, கடைசியில் 'அஸ்டோரியா' என்ற பெயரில் 2020 வரை பயணிகளை ஏற்றியது. எழுபது வருஷத்துக்கு மேல்! பழசு என்றால் காயலான் கடைச் சரக்கு என்று சொல்லிவிட முடியாது.

சரி, புதுக் கப்பலின் கட்சி என்ன சொல்கிறது? "உப்புக் காற்று என்ன செய்யும் என்று எர்ணாவூர்க்காரனுக்கா சொல்லித் தர வேண்டும்?" என்று கேட்கிறது. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி நாலு வருஷத்தில் பொரிந்து கையோடு வருகிறது. முப்பது வருஷம் கடலிலேயே கிடந்த தகடு என்ன கதியில் இருக்கும்? பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, உள்ளே கார்ப்பெட் விரித்து, விளக்கு மாட்டினால் மணப்பெண் மாதிரிதான் தெரியும். தகடு எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது என்பதை அல்ட்ராசானிக் கேஜ்தான் சொல்லும்.

அதைவிடப் பெரிய விஷயம் சட்டம். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கு 'சோலாஸ்' என்ற சர்வதேச உடன்படிக்கை இருக்கிறது. அதன்படி 2010 ஜூலை 1க்குப் பிறகு கட்டத் தொடங்கிய, 120 மீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள பயணிகள் கப்பல்கள், ஓர் எஞ்சின் அறையில் தீப்பிடித்தாலும் சொந்த சக்தியிலேயே துறைமுகம் திரும்பும்படி அமைந்திருக்க வேண்டும். பழைய கப்பல்களுக்கு இந்த விதி கிடையாது. விதி இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2012 பிப்ரவரியில் 'கோஸ்டா அல்லேக்ரா' என்ற சின்ன சொகுசுக் கப்பல் நம் இந்தியப் பெருங்கடலில், சீஷெல்ஸ் அருகே தீப்பிடித்து மின்சாரம் போய் மிதந்தது. 1969ல் கன்டெய்னர் கப்பலாகப் பிறந்து, 1992ல் சொகுசுக் கப்பலாக வேஷம் மாறியது அது. விளக்கில்லை, ஏசி இல்லை, சமையல் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு கிடந்த அந்தக் கப்பலை, சூரை மீன் பிடிக்கிற ஒரு பிரெஞ்சுக் கப்பல் கயிறு கட்டி இழுத்துப் போய்ச் சேர்த்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

அப்படியானால் புதுசே ஜெயித்தது என்று மணி அடித்து விடலாமா? கொஞ்சம் பொறுங்கள். 2012 ஜனவரியில் இத்தாலியில் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேரைப் பலி வாங்கிய 'கோஸ்டா கன்கார்டியா'வுக்கு வயது ஆறுதான். 2019 மார்ச்சில் நார்வே கடலில் புயல் நேரத்தில் எஞ்சின் நின்றுபோன 'வைக்கிங் ஸ்கை' 2017ல் வந்த கப்பல். ஏறத்தாழ 480 பேரை ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். காரணம் என்ன தெரியுமா? லூப் ஆயில் டேங்கில் எண்ணெய் மட்டம் குறைவு! முதல் வருஷம் எஞ்சின் பாடத்தில் படித்த விஷயம். காசிமேட்டில் தொழில் செய்கிற என் சித்தப்பா ஒருமுறை சொன்னார்: "போட்டு பழசா புதுசான்னு கடல் பாக்காதுடா. கடைசியா எஞ்சினை எப்போ கழட்டிப் பாத்தேன்னுதான் கேக்கும்."

நம் தமிழ்நாட்டுக் கதையையே எடுத்துக் கொள்ளுங்கள். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய 'ரஜூலா'வைத் தாத்தா பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். 1926ல் கிளாஸ்கோவில் புதிதாகக் கட்டப்பட்டு, 1973 வரை, இடையில் போர்க்காலம் போக, நம் ஜனங்களைச் சுமந்தது. பெரும்பாலும் டெக் பயணிகள். பாயும் மூட்டையுமாகப் போன ஏழைகள். அதே தடத்தில் ஓடியது 'எம்.வி. சிதம்பரம்'. 1966ல் பிரான்சில் 'பாஸ்டர்' என்ற பெயரில் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கத்தில் நம் அரசு நிறுவனமான ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி, மாற்றி அமைத்து ஓட்டிய செகண்ட் ஹேண்ட் கப்பல். 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து வரும் வழியில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் இறந்தார்கள். கப்பல் உடைக்கப் போனது. அதோடு அந்தக் கடல்வழியும் போனது. அப்போது அதற்கு வயது 19. ரஜூலா ஓடியதோ 47 வருஷம்! வயதை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நடுவர்கள் வழக்கமாக "இரண்டும் இரண்டு கண்கள்" என்று சொல்லி நழுவுவார்கள். நான் நழுவப் போவதில்லை. என் தீர்ப்பு இது:

உல்லாசத்துக்குப் பழைய கப்பல் போதும். அவசியத்துக்குப் புதிய கப்பல் வேண்டும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? சொகுசுக் கப்பலில் போகிறவனுக்குத் தேர்வு இருக்கிறது. பிடிக்காவிட்டால் ஊட்டிக்குப் போவான். ஆனால் அந்தமானில் வேலைக்குப் போகிறவனுக்கும், யாழ்ப்பாணத்தில் சொந்தம் வைத்திருக்கிறவனுக்கும் விமானக் கட்டணம் கைக்கு எட்டாதபோது கப்பலைத் தவிர வேறு வழி இல்லை. தேர்வு இல்லாதவனுக்குத்தான் நல்ல பொருளைக் கொடுக்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. மலிவாக வாங்கியதை மலிவாகவே விட்டுவிட்டுப் போகலாம். 'ஸ்கோஷியா பிரின்ஸ்' 2011 ஜூனில் ஆரவாரமாகத் தொடங்கி, அந்த வருஷமே நின்றுபோய், அடுத்த வருஷம் உடைக்கப் போனது. தூத்துக்குடி ஜனங்கள் கரையில் நின்றார்கள். தடத்துக்கென்றே கட்டிய கப்பல் தடத்தை அவ்வளவு லேசில் விடாது. ரஜூலா விடவில்லை. அந்தமானுக்கென்று விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டில் கட்டப்பட்டு 1999ல் வந்த 'ஸ்வராஜ் தீப்' அந்த வழியைச் சேர்ந்ததுதான். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் வந்த 'செரியபாணி' சில நாட்களிலேயே வடகிழக்குப் பருவமழைக்காக நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' வந்து சேவையை மறுபடி தொடங்கியது. நம் பருவமழையை மனதில் வைத்து, அந்தக் கடலுக்கென்றே கட்டிய கப்பல் அங்கே ஓட வேண்டும் என்பது என் ஆசை.

அதற்காக உல்லாசக் கப்பலுக்குக் கண்ணை மூடிக் கொள்ளச் சொல்லவில்லை. பழசை ஓட்டுகிறவர்களுக்கு மூன்று நிபந்தனைகள் வைக்கிறேன்.

ஒன்று, வெளிப்படை. லாரிக்கு எஃப்.சி. தேதியை வண்டியிலேயே எழுதி ஓட்டுகிறோம். அதுபோலக் கப்பல் கட்டிய வருஷம், கடைசியாக டிரை டாக்கில் ஏறிய தேதி, சர்வே முடிவு ஆகியவை டிக்கெட்டிலேயே தமிழில் அச்சாக வேண்டும். ஒளித்து வைப்பதற்கு இதில் என்ன இருக்கிறது?

இரண்டு, வேலை. புதுப்பிக்கும் வேலை இங்கே நடக்க வேண்டும். "இங்க அதுக்கு வசதி ஏது?" என்று சொல்லாதீர்கள். 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் 'சார்லஸ் ட்ரூ' என்ற கப்பல், எல் அண்ட் டி நிறுவனத்தின் காட்டுப்பள்ளி ஷிப்யார்டுக்கு ரிப்பேருக்கு வந்து போனது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் ரிப்பேருக்கு வந்தது அதுவே முதல் தடவை. அமெரிக்காக்காரன் நம்பிய கையை நம் ஆட்கள் நம்பக் கூடாதா? புதுக் கப்பல் ஐரோப்பாவில் கட்டினால் அந்த ஊர் ஐ.டி.ஐ. பையனுக்கு வேலை. பழைய கப்பலை இங்கே பிரித்துப் பூட்டினால் பைப் லைன், வயரிங், ஏசி, பெயிண்டிங் என்று திருவொற்றியூர்ப் பையனுக்கு வேலை. பழைய கப்பலுக்கு நான் ஓட்டுப் போடுவதில் பாதிக் காரணம் இதுதான் என்று வெளிப்படையாகவே சொல்லி விடுகிறேன். இந்த வேலையும் வெளியூர் போய்விட்டால், அந்தப் பாதி ஓட்டை நான் வாபஸ் வாங்கிக் கொள்கிறேன்.

மூன்று, கடைசிக் காலம். பழைய கப்பலை வாங்குகிறவன் அதன் சாவையும் சேர்த்தே வாங்குகிறான். எங்கே உடைப்பது, உள்ளே இருக்கும் கல்நார், எண்ணெய்க் கசடு எங்கே போவது என்று வாங்கும் அன்றே எழுதிக் கொடுத்து, அதற்கான பணத்தையும் டெபாசிட் கட்ட வேண்டும். இதைச் சும்மா சொல்லவில்லை. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரண்டு கப்பல்கள் மோதிக் கொண்டன. எண்ணெய் வந்து ஒதுங்கியது எங்கள் எர்ணாவூர்க் கரையில். உலகமெல்லாம் எந்திரம் வைத்து அள்ளுகிற எண்ணெயை, இங்கே பக்கெட்டை வைத்து மனிதர்கள் அள்ளினார்கள். அவை சரக்குக் கப்பல்கள்தான், உல்லாசக் கப்பல்கள் அல்ல. ஆனால் லாபம் ஒருவருக்கு, கசடு எங்களுக்கு என்ற கணக்கு எல்லாக் கப்பலுக்கும் ஒன்றே.

2025ல் இன்னொரு அறிவிப்பு வந்தது. 'நார்வீஜியன் ஸ்கை', 'நார்வீஜியன் சன்' என்ற இரண்டு கப்பல்கள் கார்டீலியாவுக்கு வரப் போகின்றன என்று. ஒன்று 1999ல் வந்தது, மற்றது 2001. ஆக, இன்னும் பழைய கப்பல்கள் வரும். வரட்டும். வரும்போது கொடியசைப்பைப் பார்த்துக் கை தட்டுவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. டிப்ளமோ படித்தவன் என்ற முறையில் மூன்று கேள்வி கேட்போம்: தகடு எத்தனை மில்லி? டிரை டாக் எப்போது? வேலை யாருக்கு?

இந்த மூன்றுக்கும் நேரான பதில் தருகிற கப்பல் எந்த வருஷத்தில் பிறந்திருந்தாலும், வடசென்னை அதை வரவேற்கும்.