பயன்படுத்துவோரே ஆசான்

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. ஹௌரா இரயில் நிலையத்தில் இறங்கி, பெட்டி படுக்கைகளுடன் மஞ்சள் அம்பாசடர் டாக்சியில் ஏறி வீடு சேர்ந்த கதையை அங்குள்ள சிறுவர்கள் தம் பாட்டனார் வாயிலாகக் கேட்டிருப்பர். இன்று அவ்வண்டிகள் அருகி வருகின்றன. பதினைந்து ஆண்டுகள் கடந்த வாடகை வண்டிகள் நகரில் ஓடக்கூடாது என்பது விதி. பழையன கழிகின்றன, புதியன செய்வாரோ இல்லை.

கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் அவ்வண்டியைச் செய்து வந்தது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு 1950களின் பிற்பகுதியில் அது உருவாயிற்று. அக்காலத்தில் கார் செய்ய அரசு உரிமம் பெற்ற நிறுவனங்கள் மிகச் சிலவே. பணம் கட்டியவர்கள் காருக்காகக் காத்திருந்தனர். வாங்குவோர் வரிசையில் நிற்கும்போது, அவர்தம் குறைகளைக் கேட்கவேண்டும் என்னும் எண்ணம் விற்போருக்கு எளிதில் தோன்றுவதில்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சிறிய குடும்பத்துக்கு ஏற்ற அளவும், குறைந்த எரிபொருள் செலவும், எளிதில் ஓட்டும் வசதியும் அதில் இருந்தன. அம்பாசடரிலும் மாற்றங்கள் செய்யப்பட்டன. ஆயினும் அதன் அடிப்படை உருவம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிதும் மாறவில்லை. 1980களில் ஆண்டுக்கு 20,000க்கு மேல் விற்ற வண்டி, 2013-14இல் ஏறத்தாழ 2,200 மட்டுமே விற்றது. 2014 மே மாதத்தில் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் வாழ்வு கேள்விக்குறியாயிற்று. நிதிப் பற்றாக்குறை முதலிய வேறு காரணங்களும் இருந்தன. எனினும், மாறிவரும் மக்கள் தேவையை உரிய காலத்தில் உணராமையே அவற்றுள் தலையாயது எனலாம்.

"கார் செய்யும் நுட்பம் பொறியாளருக்கு உரியது, ஓட்டுநருக்கு என்ன தெரியும்?" எனச் சிலர் வினவுவர். என்ஜினை வரைந்து காட்ட ஓட்டுநரால் இயலாது என்பது மெய்யே. ஆனால், நாள் முழுதும் ஓட்டிய பின் எந்தத் தோள் வலிக்கிறது, மழைநீர் தேங்கிய தெருவில் வண்டி எங்கே நின்றுவிடுகிறது என்பதை அவரே அறிவார். அவ்வண்டியின் நிறைகளையும் அவரே அறிவார். ஐவர் தாராளமாக அமரும் இடம், பள்ளம் மேட்டைத் தாங்கும் வலிமை, தெருவோரத்திலேயே பழுது நீக்கும் எளிமை ஆகியவற்றால்தான் டாக்சிக்கு அது ஏற்றதாயிற்று. பிரிட்டனின் 'டாப் கியர்' நிகழ்ச்சி 2013இல் அதனை உலகின் சிறந்த டாக்சி எனத் தேர்ந்தது. மறு ஆண்டே ஆலை நின்றது. நல்ல பொருளாயினும், பயன்படுத்துவோரைத் தொடர்ந்து செவிமடுக்காவிடில் நிலைக்காது என்பதற்கு இது சான்று.

மாறான சான்று தமிழ்நாட்டிலேயே உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், செல்வர் பயன்படுத்தும் பொருள் கூலித் தொழிலாளிக்கும் கிட்டவேண்டும் என எண்ணினார். அன்றாடக் கூலி பெறுபவர் ஒரு பாட்டில் ஷாம்புக்கு மொத்தமாகப் பணம் தர இயலாது. ஆகவே, ஒருமுறைக்கு வேண்டிய அளவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்றார். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் சிறு முதலுடன் தனித்தொழில் தொடங்கி, 'சிக்' ஷாம்புவைச் சிற்றூர்களுக்கும் கொண்டு சென்றார். பெரிய நிறுவனங்களும் பின்னர் அவ்வழியைப் பின்பற்றின.

இன்று அந்தப் பாக்கெட்டுகளே குப்பையாய்க் குவிகின்றன. ஆகவே, பயன்படுத்துவோரிடம் கற்பது ஒருநாளோடு முடியும் பாடமன்று.

திருவள்ளுவர் 'கேள்வி' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். கற்றாரிடம் கேட்டறிவதை அது சிறப்பிக்கிறது. ஒரு பொருளை நாள்தோறும் கையாள்பவரும் அப்பொருளைப் பொறுத்தவரை கற்றவரே. இதனை உணர்ந்து, தாழ்வு எனக் கருதாமல் அவரிடம் சென்று கேட்பவரே சிறந்த தொழில் தலைவர். எஞ்சியிருக்கும் மஞ்சள் டாக்சி ஒன்றில் ஏறும் மாணவர், அதன் ஓட்டுநரிடம் வண்டியின் நிறைகுறைகளைக் கேட்டுப் பார்க்கலாம். வீடு சேர்வதற்குள் நல்லதொரு பாடம் கிடைத்துவிடும்.