பார்வை எண்ணிக்கை மருத்துவத் தகுதி ஆகாது

சர்க்கரை மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். சிறுநீரகக் கல்லுக்கு ஆஸ்பத்திரி வேண்டாம். தைராய்டுக்கு ஆயுள் முழுக்க மருந்து எதற்கு? இந்த வகைத் தலைப்புகளோடு தமிழில் நாள்தோறும் காணொளிகள் வெளியாகின்றன. வெளியிடுவோர் பலர் மருத்துவர்கள் அல்லர். லட்சக்கணக்கானோர் பின்தொடரும் இணையப் பிரபலங்கள். சமையல், பயணம், வீட்டு நடப்பு என்று தொடங்கியவர்கள், சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லாத நிலையில் மருத்துவ ஆலோசனைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். தரமற்ற உள்ளடக்கம் குறித்த சலிப்பு ஏற்கெனவே பரவலாக உண்டு. அதே உள்ளடக்கம் நோயாளியின் மருந்துப் பெட்டிக்குள் கை நீட்டும்போது அது பொது சுகாதாரத்துக்கு நேர்ந்த ஆபத்து.

இந்த ஆபத்து கற்பனை அல்ல. 2018 ஜூலையில் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்பட்ட இளம்பெண் ஒருவர் ரத்தப்போக்கால் உயிரிழந்தார். இணையக் காணொளிகளை நம்பி வீட்டுப் பிரசவத்துக்கு முயன்றதாக அன்று செய்திகள் வெளியாயின. தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடப்பதாக 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கிராம சுகாதார செவிலியர்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் பல பத்தாண்டுகள் உழைத்து எட்டிய நிலை இது. திருப்பூர் மரணத்துக்கு முந்தைய ஆண்டு, 2017 பிப்ரவரியில், தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது சமூக ஊடக வதந்திகள் பெற்றோரை அச்சுறுத்தின. பள்ளிகளில் குழந்தைகளுக்கு ஊசி போட மறுப்பு எழுந்தது. முகாமின் கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

சர்க்கரை நோயில் இழப்பு இன்னும் பெரிது. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் இன்சுலின்தான் உயிர். அதை நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறி, சில நாள்களிலேயே மரணம் வரலாம். மற்றவர்களுக்குச் சேதம் ஓசையின்றி நடக்கும்: சிறுநீரகம், விழித்திரை, கால் நரம்புகள். கஷாயத்தை நம்பி மாத்திரையை விட்டவர் டயாலிசிஸுக்கு வந்து நிற்கும்போது, அந்தக் காணொளியை வெளியிட்டவர் வேறு நூறு காணொளிகளைத் தாண்டிப் போயிருப்பார். யாரும் அவரைத் தேடிச் செல்வதில்லை. கணக்கிலும் அந்த இழப்பு ஏறுவதில்லை.

இந்த உள்ளடக்கம் பெருகுவதற்கு முதற்காரணம் வருமானக் கணக்கு. காணொளித் தளங்கள் உண்மைக்குப் பணம் தருவதில்லை. காட்டப்படும் விளம்பரங்களுக்கே தருகின்றன. காணொளி நீண்டால் நடுவே கூடுதல் விளம்பரங்கள் நுழைக்கலாம். ஆகவே இரண்டு வரியில் சொல்லி முடிக்கக்கூடியது பத்து நிமிடமாக இழுக்கப்படுகிறது. விடை கடைசி நிமிடத்துக்குத் தள்ளப்படுகிறது. தினமும் ஒன்றாவது வெளியிடாவிட்டால் தளம் அந்தச் சேனலைப் பின்னுக்குத் தள்ளிவிடும் என்ற அச்சம் வேறு. தினமும் புதிய உண்மை கிடைக்காது. புதிய பயம் கிடைக்கும். நோய் பற்றிய பயம் யாரையும் நின்று பார்க்க வைக்கும் என்பதை இவர்கள் அறிந்திருக்கிறார்கள். ஒருவர் பதற்றத்தோடு ஒரு காணொளியைப் பார்த்தால் அதே போன்ற பத்தைத் தளமே அவர் முன் கொண்டு வைக்கிறது. கடைசியில், காணொளியின் அடியில், ஒரு பொடியோ தைலமோ வாங்குவதற்கான இணைப்பு. பல காணொளிகள் எடுக்கப்படுவதே அந்த இணைப்புக்காகத்தான்.

இரண்டாவது காரணத்தை அரசு தன்னிடம் தேட வேண்டும். புற நோயாளிகள் பிரிவில் மணிக்கணக்கில் காத்திருப்பவருக்கு மருத்துவரின் நேரம் சில நிமிடங்களே கிடைக்கிறது. தன் நோய் என்ன, மருந்து எதற்கு, எவ்வளவு காலம் என்ற கேள்விகளுக்குத் தமிழில் பொறுமையாகப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. கைப்பேசியில் ஒருவர் பதில் சொல்கிறார், அதுவும் உறவினர் போன்ற குரலில். மக்கள் அங்கே போவதில் வியப்பில்லை.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954-லேயே வந்தது. சர்க்கரை நோய், புற்றுநோய், வலிப்பு உள்ளிட்ட 54 நோய்களும் உடல்நிலைகளும் அதன் அட்டவணையில் உள்ளன. இவற்றைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை அது தடை செய்கிறது. விளம்பரம் என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் வாய்மொழி அறிவிப்பும், ஒளி, ஒலி, புகை வழியாக வரும் அறிவிப்பும் அடங்கும். தொலைக்காட்சிகூடப் பரவாத காலத்தில் எழுதப்பட்ட அந்த விளக்கத்தினுள் இன்றைய காணொளி சரியாகப் பொருந்துகிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க வழி செய்கிறது. பொருளுக்குப் பரிந்து பேசியவரை ஓராண்டு வரை விளம்பரங்களிலிருந்து விலக்கி வைக்கவும் அதில் இடமுண்டு. நிபுணர் போல உடல்நலம் பேசும் பிரபலங்கள், தம் பேச்சு மருத்துவ ஆலோசனைக்கு மாற்றாகாது என்று தெளிவாக அறிவிக்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் வெளியான மத்திய அரசின் நெறிமுறைகள் கூறுகின்றன.

அப்படியிருந்தும் நடவடிக்கை அரிது. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கடைகளைச் சோதிக்கின்றன. கைப்பேசித் திரையைச் சோதிப்பதில்லை. நுகர்வோர் அமைப்புகள் புகார் வரட்டும் என்று காத்திருக்கின்றன. பாதிக்கப்பட்டவருக்கோ தாம் பார்த்தது சட்டவிரோத விளம்பரம் என்பதே தெரியாது. தளங்களை நடத்தும் நிறுவனங்கள், தாம் இடைத்தரகர்கள் மட்டுமே என்கின்றன. விளம்பர வருவாயில் பங்கு பெறுபவர், எந்தக் காணொளி யார் கண்ணில் படவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர், வெறும் இடைத்தரகர் ஆக முடியாது.

இது பேச்சுரிமையைப் பறிக்கக் கோரும் வாதம் அல்ல. சித்த மருத்துவத்துக்கு எதிரான வாதமும் அல்ல. முறையாகப் பயின்று பதிவு பெற்ற சித்த மருத்துவரின் பெயரைத்தான் இந்தப் போலி ஆலோசனைகள் முதலில் கெடுக்கின்றன. சுக்குக் காபியின் பக்குவத்தைப் பேச யாருக்கும் பட்டம் தேவையில்லை. இன்சுலினை நிறுத்தச் சொல்வதற்குத் தேவை. பார்வை எண்ணிக்கை அந்தத் தகுதியைத் தராது.

மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் தமிழ்க் காணொளிகளைக் கண்காணிக்க உடனே தனிப் பிரிவு அமைக்க வேண்டும். புகாருக்குக் காத்திராமல் தாமாக வழக்குப் பதிய வேண்டும். அட்டவணையில் உள்ள நோய்களைக் குணப்படுத்துவதாகக் கூறும் காணொளிகளுக்கு விளம்பர வருவாய் தருவதைத் தளங்கள் நிறுத்த வேண்டும். அரசு மருத்துவர்கள் எளிய தமிழில் பேசும் காணொளிகள், இதே நோய்களுக்கு, இதே கேள்விகளுக்கு விடையாக வர வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.