தொலைந்துபோகத் தெரிந்தவர்கள்

வேகமாக ஓடுகிறவர்தான் ஜெயிப்பார். ஓட்டப்பந்தயத்தில் இதைவிட எளிய விதி கிடையாது. ஆனால் இந்த விதி அடிக்கடி பொய்த்துப்போகிற ஓர் ஓட்டப்பந்தயம் இருக்கிறது. பெயர் ஓரியன்டீரிங்.

கையில் ஒரு வரைபடம், ஒரு காம்பஸ். காட்டுக்குள் அங்கங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கொடிகள் தொங்கும். கன்ட்ரோல் என்று பெயர். அவற்றைச் சொன்ன வரிசையில் தேடிப் பிடித்துவிட்டு வந்து சேர வேண்டும். ஒரு கொடியிலிருந்து அடுத்ததற்கு எந்த வழியாகப் போவது என்பது ஓடுகிறவர் இஷ்டம். அம்புக்குறி கிடையாது, 'இந்தப் பக்கம்' என்று கைகாட்ட ஆள் கிடையாது. புயல் மாதிரி பாய்ந்து ஓடித் தப்பான பள்ளத்தில் போய் நிற்கும் இருபது வயதுக்காரரை, நடையும் ஓட்டமுமாக வரும் அறுபது வயதுக்காரர் முந்திவிட்டால் இங்கே யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

பிறந்த இடம் ஸ்காண்டினேவியா. ராணுவத்தின் வரைபடப் பயிற்சியாக இருந்ததை, 1919-ல் எர்ன்ஸ்ட் கிலாண்டர் என்ற ஸ்வீடன் ராணுவ அதிகாரி ஸ்டாக்ஹோமுக்குப் பக்கத்தில் பெரிய அளவில் பொதுப் போட்டியாக நடத்தினார். இளைஞர்களுக்குத் தடகளத்தில் ஆர்வம் குறைகிறதே என்ற கவலை அவருக்கு. அந்தக் கவலையிலிருந்து வளர்ந்த விளையாட்டுக்கு 1961-ல் சர்வதேசக் கூட்டமைப்பு வந்தது, 1966-ல் பின்லாந்தில் முதல் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. இன்றுவரை ஒலிம்பிக்கில் இடமில்லை. டிவிக்கு ஒத்துவராத விளையாட்டு. மரங்களுக்கு நடுவே ஓடுகிறவரை எந்தக் கேமரா துரத்தும்?

உலகச் சாம்பியன்களைவிட, வாராவாரம் ஓடும் சாதாரண அமெச்சூர் ஆட்களிடம்தான் இந்த விளையாட்டின் உண்மையான சங்கதி இருக்கிறது. ஸ்வீடனில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் நாற்பத்தேழு வயதுப் பெண்மணி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கற்பனை ஆள்தான். ஆனால் அவருடைய வாரத்தில் கற்பனை அதிகமில்லை. மே மாதத்தில் ஒரு வாரம் இப்படித்தான் போகும்.

திங்கள்: வேலை முடிந்து முக்கால் மணி நேரம் மெதுவான ஓட்டம். தார் ரோட்டில் அல்ல. பாசி படிந்த பாறையும் சதுப்பும் வேரும் நிறைந்த காட்டில். ரோட்டில் ஒரு கிலோமீட்டரை ஐந்து நிமிடத்தில் ஓடுகிறவருக்கு இங்கே எட்டு, ஒன்பது நிமிடம் ஆகும்.

செவ்வாய்: கிளப் பயிற்சி. ஸ்டாக்ஹோம் பக்கம் மே மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கிளப்பிலேயே ஒருவர் முன்கூட்டியே போய்க் கொடிகளைக் கட்டி வைத்திருப்பார். அடுத்த வாரம் இன்னொருவர் முறை. கொடி கட்டியவர் அன்று ஓட முடியாது. விடை தெரிந்தவர் பரீட்சை எழுதக் கூடாதல்லவா!

புதன்: உடம்புக்கு ஓய்வு, மூளைக்கு வேலை. பழைய வரைபடத்தை மேஜையில் விரித்து, 'இந்தக் கன்ட்ரோலுக்கு எப்படிப் போயிருக்கலாம்?' என்று யோசிப்பது. காட்டுப் போட்டியில் பெரும்பாலும் 1:10,000 வரைபடம். அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு நூறு மீட்டர். வெள்ளை நிறம் என்றால் ஓடக்கூடிய காடு. பச்சை அடர அடரப் புதர் அடர்த்தி. மஞ்சள் திறந்த வெளி, நீலம் தண்ணீர், பழுப்புக் கோடுகள் நிலத்தின் மேடு பள்ளம்.

வியாழன்: மேட்டில் ஏறி இறங்கும் வேகப் பயிற்சி.

வெள்ளி: ஓய்வு. இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். 1979-லிருந்து 1992 வரைக்குள் ஸ்வீடனில் 16 இளம் ஓரியன்டீரிங் வீரர்கள் திடீரென்று இறந்துபோனார்கள். பலருக்கு இதயத்தசை அழற்சி இருந்தது தெரியவந்தது. கிருமி எது என்பதில் ஆய்வாளர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. 1992 கடைசியில் அந்நாட்டுக் கூட்டமைப்பு உயர்மட்டப் பயிற்சியையும் போட்டியையும் சுமார் ஆறு மாதம் நிறுத்தியே வைத்தது. காய்ச்சல் இருந்தால் ஓடக் கூடாது, உடம்பு தேறாமல் திரும்பக் கூடாது என்ற பாடம் அங்கே ஏட்டுச் சுரைக்காய் அல்ல. விலை கொடுத்து வாங்கியது.

சனி: பக்கத்து ஊர்ப் போட்டிக்கு உதவி. பார்க்கிங் பார்ப்பது, காபி விற்பது, குழந்தைகளுக்கு வழி சொல்வது. போட்டிகளை நடத்துவது பெரும்பாலும் சம்பளமில்லாத கிளப் ஆட்கள்தான்.

ஞாயிறு: போட்டி. இங்கேதான் கதை.

*

ஒவ்வொருவரும் தனித்தனியாக, சில நிமிட இடைவெளியில் புறப்படுகிறார்கள். கடிகாரம் ஓடத் தொடங்கும்போதுதான் வரைபடம் கைக்கு வரும். நின்று நிதானமாகப் படிக்க நேரமில்லை. படித்துக்கொண்டே ஓட வேண்டும். தான் இருக்கும் இடத்தின் மேல் கட்டைவிரலை வைத்து, நகர நகர விரலையும் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். விரல் இடம் தவறினால் ஆளும் தவறினார்.

கொடிக்குக் கொடி ஒரு வியாபாரக் கணக்கு வேறு போட வேண்டும். அடுத்த கன்ட்ரோல் நேர்கோட்டில் 500 மீட்டர், நடுவில் 30 மீட்டர் உயரத்துக்கு ஒரு மேடு. சுற்றிப் போனால் 700 மீட்டர், ஆனால் சமதளப் பாதை. எது லாபம்? ஒரு மீட்டர் ஏறுவது சமதளத்தில் எட்டு முதல் பத்து மீட்டர் ஓடுவதற்குச் சமம் என்பது ஓட்டக்காரர்கள் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு. பத்து என்று எடுத்துக்கொண்டால் மேட்டு வழி 800 மீட்டருக்குச் சமம். சுற்று வழியே லாபம். பி.காம் வகுப்பில் 'வாய்ப்புச் செலவு' என்று பக்கம் பக்கமாகப் படிப்பதை, இவர்கள் மூச்சு வாங்க ஓடிக்கொண்டே மூன்று விநாடியில் முடிக்கிறார்கள் :)

இப்போது ஏழாவது கன்ட்ரோல். ஒரு சின்ன பள்ளத்தில் இருக்கும் பாறைக்குப் பக்கத்தில் கொடி. நம் பெண்மணி ஒரு மேட்டைத் தாண்டுகிறார். எதிரே பள்ளம் தெரிகிறது, பாறையும் தெரிகிறது. கொடி மட்டும் இல்லை. சுற்றிச் சுற்றித் தேடுகிறார். பாதை இன்னும் தெற்கே இருக்க வேண்டுமே? 'புதர் மறைக்கிறது போல.' சதுப்பு எங்கே? 'வெயிலில் காய்ந்திருக்கும்.' இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம். உண்மையில் அவர் நிற்பது 120 மீட்டர் தள்ளியிருக்கும் வேறொரு பள்ளத்தில்! வரைபடத்தை நிலத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டியவர், நிலத்தை வரைபடத்துக்கு ஏற்ப வளைக்கத் தொடங்கிவிட்டார். ஒரே மாதிரியான இரண்டு இடங்களில் ஒன்றை மற்றொன்றாக நினைத்துக்கொள்ளும் இந்தத் தவறு இந்த விளையாட்டில் மிகப் பழையது. சாம்பியனையும் விடாது.

இரண்டு நிமிடம் போயாச்சு. இங்கேதான் மனசு விளையாடும். 'இவ்வளவு நேரம் இங்கே தேடியாச்சு, இன்னும் கொஞ்சம் பார்ப்போம்.' போட்ட பணத்தை விட மனசில்லாமல் நஷ்டக் கம்பெனியில் மேலும் மேலும் பணம் போடுகிற அதே புத்தி. ஆனால் காட்டுக்கு அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி அக்கறை இல்லை. அது போனது போனதுதான். கடைசியில் அவர் நிற்கிறார். 'எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். நிச்சயமாகத் தெரிந்த கடைசி இடத்துக்கு, அந்தப் பாதை வளைவுக்கு, திரும்பிப் போகிறார். அங்கிருந்து காம்பஸ் வைத்து மறுபடி தொடங்குகிறார். ஐம்பது விநாடியில் கொடி கிடைக்கிறது.

*

விளையாட்டின் மிக நல்ல பகுதி ஓட்டம் முடிந்த பிறகு வருகிறது. ஒவ்வொரு கன்ட்ரோலிலும் விரலில் மாட்டிய எலக்ட்ரானிக் சிப்பை வைத்துப் பதிவு செய்வதால், கொடிக்குக் கொடி எவ்வளவு நேரம் ஆனது என்ற பட்டியல் முடிவில் அச்சடித்துக் கையில் வந்துவிடும். அவர் பிரிவில் ஏழாவதுக்குச் சிறந்த நேரம் 2 நிமிடம் 40 விநாடி. அவருடைய வழக்கமான வேகத்துக்கு 3 நிமிடம் 10 விநாடி ஆகியிருக்கும். ஆனது 7 நிமிடம் 20 விநாடி. ஆக நஷ்டம் நாலு நிமிடத்துக்கு மேல். மூன்றாவது வந்திருக்க வேண்டியவர் ஒன்பதாவது.

யார் மேல் பழி போடுவது? நடுவரா? நடுவர் விசிலே ஊதவில்லை. எதிராளியா? எதிராளியைக் கண்ணாலேயே பார்க்கவில்லை. டாஸ், பிட்ச், வானிலை? எல்லாரும் ஓடியது அதே காட்டில். மற்ற விளையாட்டுகளில் தோல்விக்கு ஆயிரம் பங்குதாரர்கள். இங்கே முழு நஷ்டமும் தனி முதலாளி கணக்கில்!

அதனால்தான் ஓட்டம் முடிந்து புல்வெளியில் உட்கார்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் வரைபடத்தைக் காட்டி, 'இங்கே நாலு நிமிடம் விட்டேன், நீ?' என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஸ்வீடிஷில் இந்தத் தவறுக்கு 'பூம்' என்று ஒரு தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. வாராவாரம், பரிசுப் பணம் எதுவும் இல்லாமல், தன் தவறைத் தானே தணிக்கை செய்து கூட்டத்தில் வாசித்துக் காட்டும் பழக்கம் வேறு எந்தத் துறையில் இருக்கிறது? நஷ்டம் வந்ததால் மூழ்கிய கம்பெனிகளைவிட, வந்த நஷ்டத்தை மறைத்ததால் மூழ்கியவைதான் நிஜமாகப் பயங்கரம் என்று கணக்கியல் படித்த எவருக்கும் தெரியும்.

'செல்போனில் நீலப்புள்ளி காட்டுகிற காலத்தில் இதெல்லாம் எதற்கு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. போட்டியில் ஜிபிஎஸ் பார்த்து வழி கண்டுபிடிக்கத் தடை. கைக்கடிகாரம் தடத்தைப் பதிவு செய்வதைப் பல போட்டிகள் அனுமதிக்கின்றன. ஓடி முடித்த பிறகு அந்தத் தடத்தை வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்துத் தவறைக் கண்டுபிடிக்கலாம். தொழில்நுட்பத்தை இவர்கள் ஒதுக்கவில்லை. முடிவெடுக்கும் வேலையை மட்டும் அதனிடம் ஒப்படைக்க மறுக்கிறார்கள். விடைத்தாளைத் திருத்த மெஷின் வரலாம், பரீட்சை எழுத வரக் கூடாது. நீலப்புள்ளி ஊருக்குள் வழி காட்டும், சரி. 'எனக்குத் தெரியவில்லை' என்று நின்று ஒப்புக்கொள்ளும் பழக்கத்தை அது கற்றுத்தராது.

'பணக்கார நாட்டுப் பொழுதுபோக்கு' என்பது இன்னொரு விமர்சனம். இதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஸ்வீடனில் யாருடைய காட்டிலும், சேதம் செய்யாமல், யாரும் நடக்கலாம் என்ற பொது உரிமை உண்டு. அது அரசமைப்புச் சட்டத்திலேயே இடம் பெற்றிருக்கிறது. அந்த உரிமையும், துல்லியமான வரைபடங்களும், மாலையில் மிச்சமிருக்கும் நேரமும் இல்லாத நாட்டில் இந்த விளையாட்டு ஊர் ஊராகப் பரவாது. இங்கே என்.சி.சி.யில் இருந்தவர்கள் மேப் ரீடிங் படித்திருப்பார்கள். சான்றிதழ் பரீட்சையோடு பலருக்கு அது முடிந்துவிடுகிறது. ஆனால் பணம் மட்டும் காரணமாக இருந்தால் ஓ-ரிங்கன் இப்படி நடக்காது. 1965-ல் இருநூறு பேர்கூட இல்லாமல் தொடங்கிய அந்த ஐந்து நாள் ஸ்வீடன் போட்டிக்கு 1985-ல் ஃபாலூன் நகரில் 25,000 பேர் வந்தார்கள். இப்போதும் ஒவ்வொரு ஜூலையிலும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். பத்து வயதுப் பிரிவும் உண்டு, எண்பது தாண்டியவர்களுக்கான பிரிவும் உண்டு. கூடாரம் போட்டுக் குடும்பத்தோடு தங்கி, காலையில் ஓடி, மாலையில் அவரவர் தவறை அலசுகிறார்கள். உலகச் சாம்பியன் ஓடும் அதே காட்டில் பாட்டியும் பேரனும் ஓடுகிறார்கள். கிரிக்கெட்டில் ரசிகருக்கு இது கிடைக்குமா?

இவ்வளவு தனிமையான விளையாட்டிலும் இரண்டு விதிகள் எல்லாரையும் கட்டிப்போடுகின்றன. பாதியில் கைவிட்டாலும் ஃபினிஷுக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் இருட்டில் ஆட்கள் தேடப் போவார்கள். அடிபட்டவரைக் கண்டால் ஓட்டத்தை விட்டுவிட்டு உதவ வேண்டும். 2009-ல் ஹங்கேரியில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் தொடர் ஓட்டத்தில், ஸ்வீடனின் மார்ட்டின் யோஹான்சன் தொடையில் மரக்கிளை ஆழமாகக் குத்திவிட்டது. பதக்கப் போட்டியில் இருந்த பிரான்சின் தியரி ஜார்ஜியூ, நார்வேயின் ஆன்டர்ஸ் நூர்ட்பெரி, செக் நாட்டின் மிக்கல் ஸ்மோலா மூவரும் நின்று அவரைக் காப்பாற்றினார்கள். பதக்கம் வேறு நாடுகளுக்குப் போனது.

தொலைந்துபோகாமல் இருப்பது திறமைதான், மறுக்க முடியாது. ஆனால் அது எல்லா நாளும் யாருக்கும் வாய்ப்பதில்லை. தொலைந்துவிட்டோம் என்பதை இரண்டாவது நிமிடத்திலேயே ஒப்புக்கொண்டு, நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்பிப் போவது பழகினால் வருகிற விஷயம். அந்தப் பெண்மணி ஒன்பதாவது வந்த ஞாயிறு ராத்திரி, உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வரைபடத்தில் ஏழாம் எண்ணுக்குப் பக்கத்தில் '4 நிமிடம்' என்று பேனாவால் எழுதி ஃபைலில் போடுகிறார். அடுத்த நாள் திங்கள். மறுபடி முக்கால் மணி நேரம் மெதுவான ஓட்டம்.