மனிதனும் யந்திரமும்

"யந்திரம் பெருகப் பெருக மனிதனும் யந்திரமாகிறான், ஆத்மா கெடுகிறது" என்று சனாதனிகள் கூப்பாடு போடுகிறார்கள். அந்த ஆத்மா எங்கே இருக்கிறதென்று கேட்டால், கடோபநிஷத்தைக் காட்டி, கட்டைவிரல் அளவில் இருதயத்துக்குள் குடியிருக்கிறது என்பார்கள்.

நல்லது. 1982 டிசம்பரில் அமெரிக்காவில் யூட்டா சர்வகலாசாலையில், பார்னி கிளார்க் என்னும் பல் வைத்தியரின் இருதயத்தில் கீழறைகள் இரண்டையும் அறுத்தெடுத்துவிட்டு, காற்றழுத்தத்தால் அடிக்கும் செயற்கை இருதயத்தை வைத்தார்கள். மிகவும் அவஸ்தைப்பட்டார் என்பது மெய்தான். ஆனாலும் 112 நாள் உயிரோடிருந்தார், பேசினார், மனைவி மக்களை அறிந்திருந்தார். ஆத்மா எங்கே போயிற்று? மேலறைகள் மிச்சமிருந்தனவே, அங்கே ஒதுங்கியிருக்கும் என்று சொன்னாலும் சொல்வார்கள்!

அதற்கு முன்பே 1958-ல் ஸ்வீடன் தேசத்தில் ஆர்னே லார்சன் என்பவர் உடம்புக்குள், இருதயத் துடிப்பை நடத்தும் மின்சாரக் கருவியை வைத்தார்கள். முதற் கருவி சில மணி நேரமே வேலை செய்தது. பிறகு இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, 2001-ம் வருஷம் தமது 86-ம் வயதில்தான் இறந்தார். இன்று 'பேஸ்மேக்கர்' என்னும் அக்கருவியை அக்கிரகாரத்தாரும் வைத்துக்கொள்கிறார்கள், சேரியாரும் வைத்துக்கொள்கிறார்கள். அதைச் செய்த கை எந்த ஜாதிக் கை என்று எவரும் கேட்பதில்லை, தீட்டுக் கழிப்பதுமில்லை. உயிர் ஆசை வந்தால் சாஸ்திரம் தானே விலகிக்கொள்ளும் போலும்.

அப்படியானால் மனிதனை யந்திரமாக்கியது எது? பிறந்த ஜாதியைப் பார்த்து இவனுக்கு இன்ன வேலை என்று விதித்து, அறிவை வேண்டாமென்று ஒதுக்கி, கையை மட்டும் வாங்கிக்கொண்ட வருணாசிரமம் அல்லவா? யந்திரத்துக்காவது எண்ணெய் போடுவார்கள். மலக்குழியில் இறங்குகிறவனுக்கு என்ன போட்டார்கள்? 2013-ல் சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 2023-ல் அதை முப்பது லட்சமாக்கிற்று. சட்டத்துக்குப் பின்னும் சாவு நிற்காததால்தானே தொகை ஏற வேண்டியதாயிற்று?

2018-ல் திருவனந்தபுரத்தில் வாலிப இன்ஜினீயர்கள் செய்த யந்திரம் குழிக்குள் இறங்க, மனிதன் மேலே நின்று அதை நடத்தினான். இங்கே மனிதன் யந்திரமானானா, யந்திரமாயிருந்தவன் மனிதனானானா? ஆத்மாவுக்காக அழுகிறவர்கள் பதில் சொல்லட்டும்.

தோழர்கள் தங்கள் ஊர் முனிசிபாலிட்டியில் இப்படிப்பட்ட யந்திரம் உண்டா, உண்டென்றால் அது குழிக்குள் இறங்குகிறதா, கொட்டகையில் துருப்பிடிக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்து, இல்லையென்றால் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வரவேண்டுகிறோம்.